சுக்கான் யார் கையில

இருளாயியின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில், கள்ளிப்பாட்டுக் கரையில் கட்டிக் கிடந்த அவளுடைய பாய்மர வத்தை, யாரும் கயிற்றை அவிழ்க்காமல், யாரும் பாயை ஏற்றாமல், யாரும் ஏறி உட்காராமல், கரைக்காற்று கிளம்புகிற வேளைக்குச் சரியாகத் தானும் கிளம்பி, அவள் உயிரோடிருந்தபோது எந்த வழியில் போகுமோ அதே வழியில், நாழித் தீவுக்கு இந்தப் பக்கம், கடலடிப் பாறைத் திட்டாகக் கிடக்கும் பாசிப் பாரைப் பார்த்து நேராகப் போனது. கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். வலையிலிருந்து நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். "இருளாயி இன்னைக்குக் கொஞ்சம் முந்திக் கெளம்பிட்டாளோ" என்று ஒருவர் கேட்க, "இல்ல இல்ல, எப்பவும் போற நேரந்தான்" என்று இன்னொருவர் சொல்ல, அதற்கப்புறம்தான் அவள் செத்துப்போனது இருவருக்கும் நினைவுக்கு வந்தது. நினைவு வந்த பிறகும் அவர்கள் ஓடவோ கத்தவோ இல்லை. கள்ளிப்பாட்டில் எதற்கும் பதறி ஓடுகிறவர்கள் கிடையாது. ஒரு டீ குடித்துவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

அவள் புருஷன் கருமலையானுக்குச் சேதி போனபோது அவன் வீட்டுக்குள் அவளுடைய போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். போட்டோவுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது வத்தையிலிருந்து அவன் கழற்றிக்கொண்டு வந்த பேட்டரி. அப்படியானால் வத்தையில் இருக்கும் மெஷினின் ஒயர் காற்றில்தான் தொங்க வேண்டும். அவன் கரைக்கு ஓடிவந்து கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தான். தூரத்தில் பாய் தெரிந்தது. வத்தை கொஞ்சங்கூட வளையாமல் போய்க்கொண்டிருந்தது. அப்படி வளையாமல் ஓட்ட ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவன் மனசு சொன்னது, அவன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கருமலையான் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மஸ்கட்டுக்குப் போய், ஓர் அரபியின் உல்லாசப் பாய்மரப் படகில் வேலை பார்த்தவன். பாயை மடிப்பது, தளத்தைத் துடைப்பது, விருந்தாளிகள் கழற்றிப் போட்ட செருப்பை அடுக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அங்கே செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் இருளாயி இங்கே அவனுடைய அப்பன் விட்டுப்போன வத்தையில் சுக்கான் பிடித்து, பாசி எடுக்கும் பெண்களைப் பாருக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, கடனை அடைத்து, மாமியாரைப் பார்த்து, மாமியாரை அடக்கமும் செய்து முடித்தாள். லீவில் வரும்போதெல்லாம் அவன் அவளுடைய உள்ளங்கையைப் பார்ப்பான். ஒவ்வொரு லீவுக்கும் அது காய்த்துக்கொண்டே போனது. ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தங்கமும் டிவியும் கொண்டுவந்தார்கள். இவன் அரபி கழற்றிப் போட்ட பழைய ஆட்டோபைலட் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

பார்க்க அது ஒன்றும் பெரிய சாமான் இல்லை. முழங்கையை விடக் கொஞ்சம் நீளமான கருப்புத் தண்டு. ஒரு முனையை வத்தையின் ஓரத்தில் பொருத்தி, மறுமுனையைச் சுக்கான் பிடியில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டிவிட்டால், போக வேண்டிய திசையை மனசில் வாங்கிக்கொண்டு, வத்தை இப்படி விலகினால் சுக்கானை அப்படித் தள்ளும், அப்படி விலகினால் இப்படி இழுக்கும். வேலையைத் தொடங்க ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன். "ஒன் கைக்கு ஓய்வு" என்று அவன் அதை அவள் மடியில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி, "ஃபாரின்ல இருந்து எனக்கு ஒரு சக்களத்தியக் கூட்டியாந்திருக்காருடீ" என்று கத்தினாள். அன்றிலிருந்து கள்ளிப்பாட்டில் அதற்குப் பேர் சக்களத்திதான்.

"மாட்டுறது லேசு. எடுக்கறதுலதான் சூதானம் வேணும்" என்று அவன் சொல்லிக்கொடுத்தான். "மொதல்ல சுத்தி நாலு பக்கமும் பாரு, அதுக்குக் கண்ணு கெடையாது. அப்புறம் பாயைத் தளத்து. அப்புறம் சுக்கானைக் கையில புடி. அது எம்புட்டுப் பாரத்தத் தாங்கிட்டு நிக்குதுன்னு வெளிய தெரியாது, அதுவும் சொல்லாது. பாரம் முழுசா ஒன் கைக்கு வந்தப்புறந்தான் பட்டனை அமுக்கணும். அமுக்கிட்டுப் புடிச்சுக்கலாம்னு நெனச்சியோ, வத்தை சுழட்டி அடிச்சிரும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இத மஸ்கட்டுக்குப் போயா மச்சான் படிச்சுட்டு வந்தீங்க?"

அவள் சிரித்ததில் தப்பில்லை. அந்தக் கரையில் காலங்காலமாக இருப்பதுதான் அது. சுக்கானில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டுமென்றால், "யார் கையில?" என்று கேட்பார். அடுத்தவர் வந்து பிடியை இறுக்கிப் பிடித்து, "என் கையில" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் கையை எடுப்பார். கேட்பதற்கு முன்னால் போய்ப் பிடியைத் தொடக் கூடாது. தொட்டால் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருக்கவும் கூடாது. அண்ணன் தம்பி வெட்டுப்பழியாக இருந்தால்கூட வத்தைக்குள் இந்த இரண்டு சொல்லுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

சக்களத்தியை ஏசிக்கொண்டேதான் இருளாயி அதைப் பழகினாள். உப்புத் தண்ணீர் கண்ணில் அடிக்கும்போது எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் போகிறதென்று, நிறுத்தும் பட்டனின் மேல் தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவைத்தாள். மெஷின் ஓட்டும்போதும் அவள் சும்மா உட்காரவில்லை. பின்பக்கத்துப் பலகையில் ஏறி நின்று, கடலில் மூழ்கி எழும் பெண்களின் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒரு தலை குறைந்தால் அவள் போடுகிற கூச்சல் தீவு வரைக்கும் கேட்கும்.

அவளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அவன் அதைக் கொண்டுவந்தான், ஆனால் ஓய்வு வேறு மாதிரி வந்தது. வயிற்றில் கட்டி. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தாள், அவன் பக்கத்தில் கிடந்தான். கடைசி நாள் மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து வத்தையைப் பற்றி ஏதோ கேட்டாள். மயக்கத்தில் பேசுகிறாள் என்று அவனும் ஏதோ பதில் சொன்னான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

தானாகக் கிளம்பிய முதல் நாள் வெறும் வத்தையாகப் போனது, பிற்பகல் கடல்காற்றில் வெறும் வத்தையாகத் திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் மூக்கை மணலில் வைத்து நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பஞ்சவர்ணம் பொறுக்க மாட்டாமல் சேலையை வரிந்து கட்டினாள். பாசி எடுக்கும் பெண்களில் வயசில் மூத்தவள் அவள், வாயிலும் மூத்தவள். "பாவம் அவ, தனியாவா போய்ட்டு வருவா? வெறும் வத்தைய ஓட்டிட்டு வந்தா அவளுக்குத்தான கேவலம்" என்று, விரல்களில் துணி சுற்றி, முக்குளிக்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, சாக்குப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் பின்னால் அவள் மருமகள் மோனிஷா ஏறினாள், பக்கத்து வீட்டு ராக்கு ஏறினாள், பிறகு எல்லாரும் ஏறினார்கள். பின்பக்கத்துப் பலகையை மட்டும் காலியாக விட்டார்கள். சுக்கான் பிடி தானாக இப்படியும் அப்படியும் அசைய, ஒயர் தொங்கிக்கொண்டிருந்த சக்களத்தி உறுமியபடி நீண்டு சுருங்க, வத்தை போனது.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, ஒரு புது மருமகளைப் பழக்கப்படுத்துவதைக்கூட அவ்வளவு சுலபமாக யாரும் செய்ததில்லை. பெண்கள் இருளாயிக்கும் சேர்த்து வெற்றிலை மடித்து அந்தப் பலகையில் வைத்தார்கள், திரும்பி வரும்போது வெற்றிலை இருக்காது, காற்றில் போயிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவளோடு பல வருஷம் பேசாமலிருந்த ஒருத்தி வத்தையில் ஏறி, பலகைக்கு எதிரில் உட்கார்ந்து, போகும்போது முழுக்கத் திட்டி, வரும்போது முழுக்க அழுது, கரையில் இறங்கும்போது சமாதானமாகிவிட்டாள். கோயில் பூசாரி வந்து பாய்மரத்தில் மஞ்சள் துணி கட்டினார், பக்கத்து ஊர் மாதா கோயிலிலிருந்து மெழுகுவர்த்தி வந்தது, பாசி வாங்குகிற கீழக்கரை பாய் தர்காவில் ஓதிய கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார், மூன்றும் ஒரே மரத்தில் சண்டையில்லாமல் இருந்தன. வத்தை திரும்பும் நேரத்தைப் பார்த்து ரேஷன் கடையைத் திறந்தார்கள், பிள்ளைக்கு மருந்து கொடுத்தார்கள், சீரியல் போட்டார்கள். மீன்துறையிலிருந்து வந்தவர் "யாரு ஓட்டுறது?" என்று கேட்டபோது "இருளாயி" என்றார்கள், "எங்க அவங்க?" என்றபோது "அந்தா போறா பாருங்க" என்று காட்டினார்கள், அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். டிவிக்காரர்கள்கூட வந்து படம் பிடித்தார்கள். படத்தில் ஒரு வத்தையும் சில பெண்களும் அரட்டையும்தான் இருந்தன, அதை யார் பார்ப்பார்கள்?

கருமலையான் மட்டும் வத்தையில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டவர்களுக்கு முதுகுவலி என்றான். உண்மை வேறு. அத்தனை வருஷம் அவன் எங்கேயோ இருந்தான், அவள் கரையில் காத்திருந்தாள். இப்போது அவள் போய்விட்டுத் திரும்பி வருவதைக் கரையில் நின்று பார்க்கிற பாக்கியம் அவனுக்குக் கிடைத்திருந்தது. கூடவே ஏறிப் போய்விட்டால் அவள் வருவதை யார் பார்ப்பது? பிற்பகலில் தலையை வாரி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நிற்பான். பெண்கள் இறங்கிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வத்தையைக் கழுவுவான், மெஷினைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பான், கடைசியாகச் சுக்கான் பிடியின் நுனியில் கையை வைப்பான். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி அந்த மரம் வெதுவெதுப்பாக இருக்கும். அது ஆறுகிற வரைக்கும் அங்கேயே நிற்பான். வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாட்களில் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

சில விஷயங்களை அவன் பார்க்காத மாதிரி இருந்தான். சக்களத்தியின் உறுமல் நாளுக்கு நாள் முனகலாக மாறியது. பாரில் இருளாயி முன்பெல்லாம் வத்தையைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, நீவாட்டு நீரோட்டத்தில் விலகிப் போன பெண்களைத் தேடித் தேடி ஏற்றுவாள். இப்போது வத்தை ஒரே கோடாகப் பாரின் கடைசி வரை போகும், அதே கோட்டில் திரும்பும், பெண்கள்தான் நீந்திவந்து ஏறிக்கொள்ள வேண்டும். வழியில் கிடந்த யாருடைய வலையையோ வத்தை அறுத்துக்கொண்டு வந்தது. வலைக்காரன் தானே தைத்துக்கொண்டான், இருளாயியிடம் யார் போய்ச் சண்டை போடுவது? ஆனால் இருளாயி தன் வாழ்நாளில் அடுத்தவன் வலையை அறுத்தவள் இல்லை. அது கருமலையானுக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் வத்தை திரும்பியபோது பெண்கள் மோனிஷாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். அவள் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கைநிறையப் பறித்துக்கொண்டு மேலே வந்தபோது, திரும்பி வந்துகொண்டிருந்த வத்தை அவள் மேலேயே ஏறிப் போயிருந்தது. கண்ணாடி உடைந்து, புருவத்துக்கு மேலே சதை பிளந்திருந்தது. தையல் போட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. பஞ்சவர்ணம் அப்போதும் இருளாயியை விட்டுக்கொடுக்கவில்லை. "இவளுக்குத்தான் அறிவில்ல, வத்தை வார வழியிலயா தலையத் தூக்குவாக?" என்று சொந்த மருமகளையே ஏசினாள்.

கருமலையான் மோனிஷாவைப் பார்க்கப் போனான். அவள் தலையில் கட்டுடன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இருளாயி அத்தை என்னையப் பாக்கல" என்றாள். "நான் மேல வந்து, வத்தை நேரா வாரதப் பாத்துட்டுக் கத்துனேன். அத்தேன்னு கூப்புட்டேன் மாமா. ரெண்டு தடவ கூப்புட்டேன். திருப்பவே இல்ல."

அவள் தேம்பினாள். அடிபட்டதைவிட, கூப்பிட்டும் இருளாயி திரும்பவில்லையே என்பதுதான் அவளை அழவைத்தது. கருமலையான் யோசித்துப் பார்த்தான். பலகையில் ஏறி நின்று தலை எண்ணியவள், ஒரு தலை குறைந்தால் ஊரைக் கூட்டியவள், இந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பாளா? அப்படியானால் வந்திருப்பது அவளுடைய கை மட்டும்தான். அந்தப் பிடிவாதம் மட்டும்தான். கண் வரவில்லை, காது வரவில்லை. அவன் இத்தனை நாள் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றானே, அவனையும் அவள் ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் வலைக்கொட்டகையில் ஊர் கூடியது. வத்தையை நிறுத்த வேண்டும் என்று அவன் சொன்னதும் பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள்.

"ஒரு தடவ செத்தவள ரெண்டாந் தடவையும் சாகடிக்கப் பாக்குறியா தம்பி? அடிபட்டது என் மருமக. எனக்கில்லாத அக்கறை ஒனக்கென்ன?"

"அக்கா, வந்துருக்குறது அவ கை மட்டுந்தான். கண்ணு வரல. இன்னைக்குத் தையலோட போச்சு. நாளைக்கு ஒருத்தி செத்துப்போவா. அப்ப அந்தப் பழி யாரு மேல விழும்? இம்புட்டு வருசத்துல ஒரு பிள்ளையக் கடல்ல விட்டுட்டு வந்தவளா அவ? செத்தப்புறம் அவளுக்கு அந்தப் பேரு வரணுமா?"

அவனுக்கே தான் சொன்னது பிடிக்கவில்லை. யாராவது எழுந்து, வேண்டாம் கருமலையா, விடு, கிடக்கட்டும் என்று சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் பேசினான். பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்ல நாள் பார்த்துத்தான் போனார்கள். வழியனுப்பாமல் எப்படி என்று எல்லாப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள், தேங்காய் பழம் வைத்துக்கொண்டார்கள். கருமலையான் முதல் முறையாக ஏறி, காலிப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்தான். கரைக்காற்று முதுகில் தள்ள, பாய் முழுக்க விரிந்து நின்றது. சுக்கான் பிடி அவன் கண்ணுக்கு முன்னால் அசைந்துகொண்டிருந்தது. தான் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவனுக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. ஆனால் பிடியைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போது, அவள் கேட்பதற்கு முன்னால், எப்படிப் போய்ப் பிடிப்பது? வேறு ஊர்க்காரனாக இருந்தால் யோசிக்காமல் பிடித்திருப்பான். இவன் கள்ளிப்பாட்டில் பிறந்தவன். மரியாதையாகப் பட்டனை மட்டும் அமுக்குவோம், அவளே பார்த்து "யார் கையில?" என்று கேட்கட்டும் என்று நினைத்தான். சிவப்புப் பொட்டின் மேல் விரலை வைத்து அமுக்கினான்.

அவள் கேட்கவில்லை. சக்களத்தி ஒரு தடவை கீச்சென்றது, தண்டு தளர்ந்தது, யார் கையிலும் இல்லாத சுக்கான் ஒரேயடியாகப் பக்கவாட்டில் போய் மோத, வத்தை சுழன்று, பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அறைந்துகொண்டு போனது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி உருண்டார்கள். தேங்காய் பழமெல்லாம் கடலில் போனது. ராக்குவும் கடலில் போனாள். இன்னொரு நொடி விட்டிருந்தால் வத்தை கவிழ்ந்திருக்கும். அதற்குள் சக்களத்தி தானாக இன்னொரு முறை கீச்சிட்டு, தண்டு பாய்ந்து சுக்கானைப் பிடித்து, முனகிக்கொண்டே வத்தையை மறுபடி நேராக்கியது. தூங்கிக்கொண்டிருக்கும் தாய், உருண்டு விழப்போகிற பிள்ளையைக் கண்ணைத் திறக்காமலே இழுத்துப் பிடிப்பாளே, அப்படி. ராக்குவைக் கயிறு போட்டு இவர்கள்தான் ஏற்றினார்கள்.

கரையில் இறங்கி, ராக்கு சேலையைப் பிழிந்துகொண்டே அவனிடம் வந்தாள். இருளாயி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"ஏண்ணே, சுக்கானைப் புடிக்காம வெறும பட்டனை அமுக்குனியே, ஏன்?"

"அவ கேக்கலியே தாயி. கேக்காம நான் எப்புடித் தொட?"

"கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருண்ணே. அவ கேக்காம போறவ இல்ல."

அவன் இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போது ஆஸ்பத்திரி மத்தியானம் முழுசாக அவன் முன்னால் வந்து நின்றது. மேலே விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, காய்ப்பேறிய வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்து, எதையோ பிடித்திருக்கிற மாதிரி விரல்களை மடக்கி, "மச்சான், வத்தை யார் கையில?" என்று கேட்டாள். அவன் அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்து, "யார் கையிலயும் இல்ல. கரையில சும்மா கெடக்கு. நீ தூங்கு" என்றான்.

யார் கையிலும் இல்லை என்று சொன்னான். சாகக் கிடந்தவள் கையை விடுவதற்காகக் கேட்டாள், அவன் யார் கையிலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தான். பிறகு அவள் எப்படி விடுவாள்? வாழ்நாள் முழுக்க யார் கையிலும் இல்லாத வத்தையைத்தானே அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கருமலையான் தலையில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்து அழுதான். ராக்கு அவனைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும் வரை சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் காலை பெண்கள் யாரும் பாருக்குப் போகவில்லை. கடலில் ஒரு தலையும் இல்லாத நாளாக இருக்கட்டும் என்று கருமலையான் கேட்டுக்கொண்டான். எல்லாரும் கரையில் வந்து நின்றார்கள். பஞ்சவர்ணம் வத்தையின் பக்கப் பலகையைக் கன்னத்தைத் தடவுகிற மாதிரித் தடவி, "போய்ட்டு வாடி" என்றாள். வா என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கம்தான்.

கருமலையான் மட்டும் ஏறிப் போனான்; வத்தை பாரின் கடைசியை எட்டி, சுற்றிலும் ஆளில்லாத கடலான பிறகு எழுந்தான். முதலில் சுற்றிப் பார்த்தான். அவளுடைய கண் வராததால் அவளுக்கும் சேர்த்து இன்னொரு முறை பார்த்தான். படகு இல்லை, வலை மிதவை இல்லை, தலை இல்லை. பிறகு பாய்க்கயிற்றைத் தளர்த்தினான். காற்று கொஞ்சம் வழிந்து போக, சக்களத்தியின் முனகல் பாதியாகக் குறைந்தது. பிறகு காலிப் பலகையின் ஓரத்தில், அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, சுக்கான் பிடியில் கையை வைத்தான்.

பாரம் இருக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. பாயைத் தளர்த்திய பிறகும் அது அவனுடைய தோள்பட்டை வரை இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்தான். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தான். கரைப்பக்கம். வத்தை முழு மூச்சாகக் கரைக்குத் திரும்பப் பார்த்தது. வீட்டுக்குப் போக வேண்டுமென்று அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி, நாள்தோறும் அவள் இதைப் பிடித்து இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். செத்த பிறகு மட்டுமா? அவன் மஸ்கட்டில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் இதே பாரம்தான். லீவில் வந்து உள்ளங்கையைப் பார்த்தானே தவிர, ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, கொடு என்று வாங்கிப் பார்த்ததில்லை. வாங்கிப் பார்க்காமலேதான் ஒரு மெஷினைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். "எம்மா" என்று அவன் வாய்விட்டு அழுதான். கை மட்டும் தளரவில்லை.

பாரம் முழுவதும் தன் கைக்கு வரும் வரை காத்திருந்தான். தண்டு தள்ளுவதற்கு முன்னால் தானே தள்ளினான், இழுப்பதற்கு முன்னால் தானே இழுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக முனகல் அடங்கியது. சக்களத்திக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. மரம் மட்டும் அவன் விரல்களுக்கு அடியில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அவனுடைய கைக்குக் கீழே இன்னொரு கை இருக்கிற மாதிரி. அப்படியே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். இரண்டு கையும் ஒன்றாகவே ஓட்டட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு அவள் எத்தனை களைத்துப்போயிருப்பாள் என்று நினைத்தான்.

"இருளாயி" என்றான். "என் கையில. வத்தை என் கையில இருக்கு. நல்லாப் புடிச்சிருக்கேன். நீ விட்டுரு."

கட்டை விரலால் சிவப்புப் பொட்டை அமுக்கினான். சக்களத்தி ஒரே ஒரு தடவை கீச்சென்றது. தண்டு தளர்ந்தது. வத்தை சுழலவில்லை, பாய் அறையவில்லை. அவன் தண்டை ஆணியிலிருந்து மெல்லத் தூக்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிடியிலிருந்த வெதுவெதுப்பு மெதுவாக ஆறி, கடைசியில் அவனுடைய கையின் சூடு மட்டும் மிஞ்சியது. பொட்டு அவன் கட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

பிற்பகல் கடல்காற்றில் வத்தை வருவதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வழக்கமான நேரம் தாண்டித்தான் வந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம் போய், அந்தப் பக்கம் கொஞ்சம் போய், நேர் பண்ணப் பார்த்து மறுபடி விலகி, புதிதாகச் சைக்கிள் பழகுகிறவன் மாதிரிக் கோணிக்கொண்டு வந்தது. பஞ்சவர்ணம் கையைப் புருவத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்த அன்று அவள் அழுதாள்தான், எல்லாரும் அழுதார்கள்தான். ஆனால் கோணிக்கொண்டு வரும் அந்த வத்தையைப் பார்த்தபோதுதான் இருளாயி செத்துப்போனது அவர்களுக்குத் தெரிந்தது. பஞ்சவர்ணம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். தலையில் கட்டோடு மோனிஷா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வத்தை வழக்கமான இடம் தவறி, கொஞ்சம் தள்ளி, இடித்துக்கொண்டு மணலில் ஏறியது. கருமலையான் இறங்கி வந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்குப் போய் அந்தப் பொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில், அவள் ஒட்டி விட்டுப்போன மற்றப் பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். பேட்டரியையும் கழற்றினான்; போட்டோவுக்கு எண்ணெய் விளக்குப் போதும்.

இப்போது அவன்தான் பெண்களைப் பாருக்குக் கூட்டிப்போகிறான். முன்னைக்கு இப்போது ஓரளவு நேராகவே ஓட்டுகிறான் என்று பஞ்சவர்ணமே ஒத்துக்கொள்கிறாள். பாரில் வத்தையைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறான். நீவாட்டில் விலகிப் போனவர்களைத் தேடிப் போய் ஏற்றுகிறான். திரும்புவதற்கு முன்னால் பலகையில் ஏறி நின்று தலை எண்ணுவான். எண்ணும்போதெல்லாம் ஒரு தலை குறையும். மறுபடி எண்ணுவான், மறுபடியும் குறையும். கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள், அவனை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ராக்குதான் சொல்வாள்.

"எல்லாரும் ஏறியாச்சுண்ணே. போவோம்."